கோல் எடுக்கிற 14 பேரில் 3 பேரைக் குறைச்சால் காத்திருப்பு ஏன் இவ்வளவு கூடுது? மேலிடத்துக்கு எப்படி விளங்கப்படுத்துறது?

குளக்கட்டு, கிளிநொச்சி:

எல்லாருக்கும் வணக்கம். தொலைபேசி வழியாகத் தொழில்நுட்ப உதவி செய்யிற ரீம் ஒன்றைப் பற்றின கேள்வி இது. கஸ்ரமர் இங்கிலாந்தில இருக்கிற ஒரு நிறுவனம். அங்க வேலை செய்யிற ஆக்களுக்குப் பாஸ்வேர்ட், பிரின்ரர், மின்னஞ்சல், விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குள்ள பாதுகாப்பாப் போற இணைய வழி) பிரச்சினை வந்தால் கோல் இங்க வரும். இடையில ஒப்பந்தம் எடுத்த கொம்பனி ஒன்று இருக்கு. பாதிப்பேர் கிளிநொச்சி அலுவலகத்தில, மிச்சப்பேர் பரந்தன், விசுவமடு, மாங்குளம் பக்கம் வீட்டில இருந்து வேலை.

உச்ச நேரத்தில மணிக்கு 100 கோல் அளவில வரும். ஒரு கோலுக்குச் சராசரி 6 நிமிடம். அதில கடைசி 1 நிமிடம் ரிக்கெட்டில, அதாவது அந்தக் கோலின்ர முறைப்பாட்டுப் பதிவில, குறிப்பு எழுதுறதுக்கு. ஒப்பந்தப்படி 80 வீதமான கோலை 20 செக்கனுக்குள்ள எடுக்கவேணும். முந்தி ஷிப்டில 14 பேர். செலவைக் குறைக்க எண்டு 3 பேரை எடுத்திட்டினம், இப்ப 11. அதோட கோல் இலக்கு நாலரை நிமிடம், குறிப்பு எழுதுற நேரம் 15 செக்கன் எண்டு மாத்தியாச்சு. அடுத்த மாதம் பாஸ்வேர்டைக் கஸ்ரமர் தானே மாத்துற இணையத்தளம் வருகுதாம். கோல் 30 வீதம் குறையுமாம், அதால இன்னும் 3 பேர் தேவையில்லையாம். கரண்ட் போற நிமிடங்கள் எல்லாம் வராத நேரமாப் பதியப்படுது.

மேலிடம் சொல்லுறது: "ஆள் 21 வீதம்தானே குறைஞ்சது, காத்திருப்பு பல மடங்கு கூடினதுக்கு ரீமின்ர ஒழுங்கீனம்தான் காரணம்." எச்சரிக்கைக் கடிதம் குடுக்கத் தொடங்கிட்டினம். கணக்கோட பதில் சொல்லவேணும். தெரிஞ்சவை உதவுங்கோ.

பனங்காமம்:

தம்பி, 21 வீதம் ஆள் குறைந்தால் 21 வீதம் காத்திருப்புக் கூடும் என்று நினைப்பதுதான் முதற்பிழை. வரிசை அப்படி வளர்வதில்லை. டென்மார்க்கில் தொலைபேசிக் கொம்பனியில் வேலை செய்த ஏர்லாங் என்ற கணித அறிஞர் இதற்கான சூத்திரத்தை 1917இலேயே வெளியிட்டுவிட்டார். இன்றைக்கும் கோல் நிலையங்களுக்கு ஆள் கணக்குப் போடும் மென்பொருள்களின் அடியில் அந்தக் கணக்குத்தான் பெரும்பாலும் இருக்கிறது.

100 கோல் × 6 நிமிடம் = 600 நிமிட வேலை. ஒரு மணித்தியாலத்துக்கு 60 நிமிடம் என்றால் மூச்சு விடாமல் பேசும் 10 பேருக்கான வேலை. இதை 10 ஏர்லாங் என்பார்கள். உங்கள் எண்களைப் போட்டால் வருவது இது:

14 பேர்: சராசரிக் காத்திருப்பு 16 செக்கன், 20 செக்கனுக்குள் எடுப்பது 86 வீதம்.
13 பேர்: 34 செக்கன், 76 வீதம்.
12 பேர்: 81 செக்கன், 60 வீதம்.
11 பேர்: 246 செக்கன், 35 வீதம்.

13 பேரோடேயே ஒப்பந்த இலக்கு போய்விட்டது. 11 பேரோடு காத்திருப்பு 15 மடங்குக்கு மேல். ஆட்கள் ஒரு செக்கன்கூட மெதுவாகாமலே இப்படி வரும். ஏனென்றால் காத்திருப்பைத் தீர்மானிப்பது மொத்த ஆள் எண் அல்ல, வேலைக்கு மேலே எத்தனை பேர் மிச்சமாக இருக்கிறார்கள் என்பது. 14 பேரில் மிச்சம் 4. 11 பேரில் மிச்சம் 1. உங்கள் மேலிடம் குறைத்தது 14இல் 3 அல்ல, 4இல் 3.

அறுவடைக் காலத்தில் நெல் ஆலைக்கு முன்னால் நிற்கும் உழவு இயந்திர வரிசையை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 11 பெட்டி இறக்கக்கூடிய ஆலைக்கு 10 பெட்டி ஒழுங்கான இடைவெளியில் வந்தால் வரிசையே இராது. ஆனால் நாலு பெட்டி ஒன்றாக வந்துவிடும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. சும்மா நின்ற அந்த நேரத்தைத் திருப்பி எடுக்க முடியாது. சேர்ந்த வரிசை மட்டும் மிஞ்சும். கோலும் அப்படியே.

ஆட்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். 14 பேரோடு ஒருவர் மணித்தியாலத்தில் 71 வீத நேரம் கோலில் இருப்பார். 11 பேரோடு 91 வீதம். 60 நிமிடத்தில் ஐந்தரை நிமிடம்தான் வாய்க்கும் காதுக்கும் ஓய்வு, அதுவும் துண்டு துண்டாக. இதற்கு மேல் மணிக்கணக்காக ஒரு ஆளை வைத்திருந்தால் குறிப்பில் பிழை வரும், தொனி கடினமாகும், பிறகு லீவு கூடும். லீவு கூடினால் 11 பேர் 10 ஆகும். 10 பேருக்கு 10 ஏர்லாங் என்றால் வரிசை முடிவில்லாமல் வளரும்.

நீங்களே எக்செல்லில் சரிபார்க்கலாம். முதற் கட்டத்தில் 1 என்று போடுங்கள். அதற்குக் கீழே ஆள் எண் 1, 2, 3 என்று 14 வரை. ஒவ்வொரு வரியிலும் மேல்வரி விடையை 10 ஆல் பெருக்குங்கள். அந்தப் பெருக்கத்தை, ஆள் எண்ணும் அதே பெருக்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள். 14ஆவது வரியில் 0.0568 வரவேண்டும். இனி 14 × 0.0568ஐ மேலே வையுங்கள். 14இலிருந்து 10 × (1 − 0.0568)ஐக் கழித்துக் கீழே வையுங்கள். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் விடை 0.174. அதாவது 100இல் 17 பேருக்குத்தான் காத்திருக்க வேண்டிவரும். அதை 360 செக்கனால் பெருக்கி, மிச்ச ஆளான 4ஆல் வகுத்தால் 16 செக்கன். இதே வேலையை 11க்குச் செய்து காட்டுங்கள். மேலிடத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால் அதோடு வாதம் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சூத்திரம் ஒருவரும் கோலை வெட்டமாட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் இரண்டு மூன்று நிமிடத்தில் பலர் வெட்டிவிடுவார்கள், அதனால் உங்கள் அறிக்கையில் காத்திருப்பு 246 செக்கனை விடக் குறைவாகத் தெரியும். அதை முன்னேற்றம் என்று எடுத்துவிடக் கூடாது. வெட்டப்பட்ட கோல் எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள்.

மல்லாவி மழை:

பனங்காமம் அண்ணா ஆள் கணக்கைச் சொல்லிட்டார். நான் மற்ற மூண்டு முடிவைப் பற்றிச் சொல்லுறன், அதில இணையத்தளம்தான் பெரிய பொறி.

பாஸ்வேர்ட் கோல் எப்பவும் சின்னக் கோல். 100 கோலில 40 பாஸ்வேர்ட், ஒண்டு 3 நிமிடம் எண்டு வையுங்கோ: 120 நிமிடம். மிச்சம் 60 கோல் 8 நிமிடப்படி 480. மொத்தம் 600, சராசரி 6, உங்கட கணக்கோட சரி. இணையத்தளம் வந்து 30 பாஸ்வேர்ட் கோலை எடுத்தால் மிஞ்சுறது 10 சின்னக் கோலும் 60 பெரிய கோலும். 30 + 480 = 510 நிமிடம். கோல் 30 வீதம் குறைஞ்சது, வேலை 15 வீதம்தான் குறைஞ்சது. சராசரி 6இல இருந்து 7 நிமிடம் 17 செக்கனுக்கு ஏறும். ஒருத்தரும் மெதுவாகேல்ல, லேசான கோல் போட்டுது, அவ்வளவுதான். ஆனா இலக்கு நாலரை நிமிடத்திலயே நிக்கும், ஆளுக்கு ஆள் கடிதம் வரும்.

510 நிமிடம் எண்டால் 8.5 ஏர்லாங். 80க்கு 20 இலக்குக்கு 12 பேர் வேணும். 11 பேர் எண்டால் 71 வீதம், காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குக் கிட்ட. உங்கட மேலிடம் 11இல இன்னும் 3 எடுத்து 8 ஆக்கப் பார்க்குது. 8.5 ஆள் வேலைக்கு 8 ஆள்! அந்த மணித்தியாலத்தில வரிசை குறையவே குறையாது, ஆக்கள் வெட்டிப்போட்டுப் போனால்தான் குறையும். இந்த ஒரு வரியைக் கட்டாயம் எழுதுங்கோ. உங்கட பாஸ்வேர்ட் கோலின்ர உண்மையான பங்கையும் நிமிடத்தையும் ரிக்கெட் வகைப்படி எடுத்து என்ர 40க்கும் 3க்கும் பதிலாப் போடுங்கோ.

அடுத்தது நாலரை நிமிட இலக்கு. நேரத்தை மட்டும் அளந்தால் ஆக்கள் நேரத்தைத்தான் குறைப்பினம். பிரின்ரர் ட்ரைவரைக் கழட்டித் திரும்பப் போடாமல் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ, சரிவராட்டில் திரும்ப எடுங்கோ" எண்டு வைச்சிடுவினம். 100 கோல் நாலரை நிமிடப்படி 450 நிமிடம், மிச்சப்பிடிச்ச மாதிரித்தான் தெரியும். ஆனா 600ஐ நாலரையால் பிரிச்சால் 133. அதாவது 100 பேரில 33 பேருக்கு மேல திரும்ப எடுத்தால் வேலை முந்தினதை விடக் கூட. 40 பேர் எடுத்தால் 140 × 4.5 = 630. அதனால ஒரே ஆள் ஒரே பிரச்சினைக்கு 7 நாளுக்குள்ள திரும்ப எடுத்த கோலை வேறா எண்ணுங்கோ. இலக்கு மாறுறதுக்கு முந்தின நாலு கிழமையையும் பிந்தின நாலு கிழமையையும் பக்கத்தில வைச்சால் போதும்.

குறிப்பு எழுதுற நேரம் 60இல இருந்து 15 செக்கன் ஆனால் 45 செக்கன் வேலை எங்க போகும்? ஒண்டில் அடுத்த ஆளோட கதைச்சுக்கொண்டு முந்தின ஆளின்ர குறிப்பை எழுதுவினம், பேர் மாறி விழும். இல்லாட்டில் ஷிப்ட் முடிஞ்சு இருந்து எழுதுவினம். நாளுக்கு 60 கோல் எண்டால் 45 நிமிடம், சம்பளம் இல்லாமல். இரண்டாம் படிக்கு, அதாவது கூடத் தெரிஞ்ச ரீமுக்குப் போற ரிக்கெட்டில என்ன செய்து பார்த்தது, என்ன பிழைச் செய்தி வந்தது, எந்தக் கணினி எண்ட மூண்டும் இல்லாட்டில் அது திரும்பி வரும். திரும்பி வாறதும் உங்கட ஆளின்ர கணக்கிலதான் விழும்.

இன்னொண்டு, நீங்கள் கேக்கேல்ல, எண்டாலும் பாருங்கோ. மாதம் 4 கோலைக் கேட்டு ஆளுக்குத் தரப்புள்ளி போடுறது பல இடத்தில வழக்கம். நாளுக்கு 40 கோல், 22 நாள் எண்டால் 880. அதில 4 எண்டால் அரை வீதமும் இல்லை. அந்த நாலு கோலை வைச்சு ஊக்கத்தொகையை வெட்டுறது நியாயமில்லை. பழக்கிறதுக்குப் பாவிக்கலாம், தண்டிக்கிறதுக்கு வேண்டாம்.

மின்கம்பம்:

கரண்ட் விசயம். இதை ஆளின் தனிப்பட்ட பிழையாகப் பதிவது எந்தக் கணக்கிலும் சரியில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. வன்னியில் அதற்குப் பிறகும் ஐப்பசி, கார்த்திகையில் இடி மழையோடு லைன் போவது புதிதல்ல. வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னால் பற்றரிச் செலவு கொம்பனியின் செலவு.

செலவு பெரிதுமல்ல. மடிக்கணினி 50 வாற்று, றவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 25 வாற்று. இன்வேற்றர் இழப்போடு 90 என்று வையுங்கள். 12 வோல்ற்று 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி 1,200 வாற்று-மணி. அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் பற்றரி சீக்கிரம் செத்துவிடும். 600ஐ 90ஆல் பிரித்தால் ஆறரை மணித்தியாலம், ஒரு ஷிப்டின் பெரும்பகுதி. டெஸ்க்ரொப் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. மொனிற்றரோடு 150 வாற்றுக்குப் போய்விடும். மடிக்கணினி கேளுங்கள். இடிக்கு மின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, செம்புக் கம்பித் தொலைபேசி லைன் வருகிற இடத்தில் அதையும் கழற்ற வேண்டும். அதற்குப் போகும் நேரமும் பதிவில் வரவேண்டும்.

பதிவுக்கு: மென்பொருளில் "மின்தடை" என்று தனியான நிலைக் குறியீடு ஒன்றைக் கேளுங்கள். மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்து முறைப்பாட்டு இலக்கத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். இணையம் என்றால் உங்கள் சேவை வழங்குநரின் முறைப்பாட்டு இலக்கம். ஒரு மாதப் பட்டியல் இருந்தால் எவ்வளவு நேரம் ஆளால் போனது, எவ்வளவு நேரம் கம்பியால் போனது என்று பிரித்துக் காட்டலாம்.

கோலில் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி முட்டுகிறதா என்பதையும் பாருங்கள். பலர் உடனே "வேகமான பக்கேஜ் போடு" என்பார்கள். ஒரு குரல் கோலுக்கு ஒரு பக்கம் 90 கிலோபிற்று போதும். பிரச்சினை தாமதம். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும். ஃபைபரில் 1,000 கிலோமீற்றருக்கு 5 மில்லிசெக்கன். இங்கிருந்து இங்கிலாந்துக்கு நேராகப் போனால் சமாளிக்கலாம். ஆனால் கொம்பனி எல்லாப் போக்குவரத்தையும் அமெரிக்காவில் உள்ள விபிஎன் சேவருக்குள் திருப்பினால் லண்டன்–நியூயோர்க் 5,500 கிலோமீற்றர், போய்த் திரும்ப 11,000, அதற்கு மட்டும் 55 மில்லிசெக்கன். கோல் மென்பொருளைத் தொலைவில் உள்ள கணினித் திரைக்குள் ஓடவிட்டிருந்தால் குரல் இன்னொரு சுற்றுச் சுற்றும். இது ஆள் திருத்தக்கூடிய பிழை அல்ல. குரலை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடச் சொல்லி ஐரி பிரிவுக்கு எழுதுங்கள். ஆதாரத்துக்கு விபிஎன் போட்டும் போடாமலும் 100 தடவை பிங் (சேவரிலிருந்து பதில் வர எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) செய்து, சராசரியையும் இழந்த பொதி வீதத்தையும் இணையுங்கள். இழப்பு 1 வீதத்தைத் தாண்டினால் குரல் உடையும்.

நெடுங்கேணி:

சட்டப் பக்கம் சுருக்கமாக. அலுவலக வேலை 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள் வரும். சாப்பாட்டு இடைவேளை நீங்க நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் மேலதிக நேரம், ஒன்றரை மடங்கு, கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. மல்லாவி மழை சொன்ன 45 நிமிடக் குறிப்பு வேலை இதில்தான் விழுகிறது. மென்பொருளில் கடைசி ரிக்கெட் சேமிக்கப்பட்ட நேரம் பதிவாகியிருக்கும், அதுவே ஆதாரம்.

ஊழியர் சேமலாப நிதி: ஊழியர் 8, தொழில்கொள்வோர் 12 வீதம். நம்பிக்கை நிதி 3 வீதம், அது தொழில்கொள்வோர் மட்டும். "நீங்கள் ஒப்பந்தக்காரர், ஊழியர் இல்லை" என்று எழுதி வாங்கியிருந்தாலும் ஷிப்ட் நேரம், லீவு, இலக்கு எல்லாவற்றையும் கொம்பனி தீர்மானித்தால் அந்தச் சொல் மட்டும் போதாது. ஒப்பந்தம், துண்டு வேலை, தரகு அடிப்படையில் வேலை செய்வோரும் சேமலாப நிதிக்குள் வருவார்கள்.

ஆள் குறைப்பு: 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கொம்பனியில், ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஆளை நிறுத்துவதென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். எண்ணுவது முழுக் கொம்பனியை, உங்கள் ரீமை மட்டுமல்ல. ஆகவே "நானாக விலகுகிறேன்" என்ற தாளை யாரும் வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம், அதுதான் அந்தச் சம்மதம். எச்சரிக்கைக் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாக, திகதியோடு, எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் இல்லாத கடிதங்கள் சேர்ந்தால் ஆள் குறைப்பை ஒழுக்காற்று நீக்கமாகக் காட்ட வசதியாகிவிடும். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு நியமனக் கடிதத்தோடும் சம்பளச் சீட்டோடும் போங்கள்.

ஷிப்ட் நேரத்தையும் மறக்காதீர்கள். இங்கிலாந்தில் 9 முதல் 5 என்றால் கோடையில் நமக்குப் பின்னேரம் 1.30 முதல் இரவு 9.30. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றினதும் 2.30 முதல் 10.30. நமக்கு மாரி தொடங்குகிற நேரமும் அதுதான். 10.30க்கு ஏ9இல் பஸ் பிடித்தாலும் உள்வீதிக்கு எதுவும் இல்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இரவில் யானை வேறு. வாகனம் ஒழுங்கு செய்வதை இப்போதே எழுத்தில் கேளுங்கள், பெண் பிள்ளைகளுக்கு வீட்டுப் படலை வரை.

குளக்கட்டு:

எல்லாருக்கும் நன்றி. எக்செல்லில போட்டுப் பார்த்தன், 246 சரியா வருது. இரண்டு கேள்வி. 14 பேர் ஷிப்டில இருக்கவேணும் எண்டால் பட்டியலில எத்தினை பேர் இருக்கவேணும்? கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல போனால் வாசிக்க மாட்டினம், எதை முதல் போடுறது?

பனங்காமம்:

கதிரையில் 14 பேர் என்றால் பட்டியலில் 20. ஆண்டு லீவு 14, தற்செயல் லீவு 7, மொத்தம் 21 நாள். 260 வேலை நாளில் 8 வீதம் அதிலேயே போகும். அரசாங்க விடுமுறை, இரண்டு தேநீர் இடைவேளை, பயிற்சி, கூட்டம், சுகயீனம், மின்தடை எல்லாம் சேர்த்தால் 25 முதல் 30 வீதம் வருவது வழக்கம். 14ஐ 0.7ஆல் வகுத்தால் 20. உங்கள் பதிவிலிருந்து சொந்த வீதத்தை எடுத்துப் போட்டால் இன்னும் பலம். வெளிநாட்டு நாட்காட்டியை மட்டும் பார்த்து ஷிப்ட் போடுகிறவர்களுக்கு வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலும் ஓகஸ்ற் 15 மடுத் திருவிழாவும் தெரியாது. ஒரே நாளில் ஐந்து லீவு விண்ணப்பம் வரும். அந்த நாட்களை வருடத் தொடக்கத்திலேயே அட்டவணையில் போட்டுக் கொடுங்கள்.

கடிதத்தில் முதல் வரி கொம்பனிக்கு எங்கே வலிக்குமோ அது: ஒப்பந்த இலக்கு 80 வீதம், 11 பேரோடு கணக்கின்படி கிடைக்கக்கூடியது 35 வீதம். ஒப்பந்தத்தில் தண்டப்பணம் இருந்தால் அந்தத் தொகையையும் 3 பேரின் சம்பளத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது, மல்லாவி மழையின் 8.5க்கு 8. மூன்றாவது, திரும்ப வந்த கோல் எண்ணிக்கை. மின்தடைப் பட்டியல் இணைப்பாகப் போகட்டும். கேட்பது ஒரே ஒரு சோதனையாக இருக்கட்டும்: இரண்டு கிழமைக்கு உச்ச நேரத்தில் மட்டும் 14 பேர், குறிப்பு நேரம் 60 செக்கன், எச்சரிக்கைக் கடிதங்கள் நிறுத்தம், முடிவில் எண்களை ஒன்றாக இருந்து பார்ப்பது.

தரவை நாள் சராசரியாக எடுக்க வேண்டாம். 15 நிமிடத் துண்டுகளாக எடுங்கள். நாள் சராசரியில் மத்தியான மந்தம் காலை நெரிசலை மூடிவிடும். அவர்களுடைய திங்கள் காலை, அதாவது கோடையில் நமக்குத் திங்கள் பின்னேரம் 1.30 முதல் 3.30 வரை, வழக்கமாகப் பாஸ்வேர்ட் மறந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக எடுக்கும் நேரம். அந்த இரண்டு மணித்தியாலத்தின் எட்டுத் துண்டையும் நாலு திங்களுக்கு எடுத்து முதற் பக்கத்தில் வையுங்கள்.